கேம் கன்ட்ரோலர் ப்ளூடூத்தில் சேர மாட்டேன் என்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், பிரிண்டரும் லேப்டாப்பும் ஓரமாக ஒதுங்கி, மேசை முழுக்க கேம் கன்ட்ரோலர் வந்து குவியும். பையன்கள் ஜாய்ஸ்டிக் என்பார்கள், கூட வரும் அம்மாக்கள் ரிமோட் என்பார்கள். பெயர் எதுவானாலும் புகார் ஒன்றுதான்: “ப்ளூடூத்ல சேரல.” வருவதில் பெரும்பாலானவை கெட்டுப்போனவையே அல்ல. வேறு எதனோடோ சேர்ந்துகொண்டு நிற்பவை. திருப்பித் திருப்பிக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களை நினைத்து எழுதியது. லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் இருக்கிறது.

கேள்வி: நேற்று வரை நன்றாக வந்தது. இன்று பட்டனை அமுக்கினால் லைட் மின்னி மின்னி அணைந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் ‘பேர்டு’ என்றே காட்டுகிறது. என்ன ஆச்சு?

“இடையில் வேறு எங்கேயாவது கொண்டு போனியா?” என்று முதலில் கேட்பேன். “இல்லண்ணே” என்பான். கொஞ்ச நேரம் கழித்து, “குளச்சல்ல சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன்” என்பான். சித்தி வீட்டு டிவியில் ஒரு கன்சோல், அதாவது பிளேஸ்டேஷன் மாதிரி கேம் ஆடுகிற பெட்டி, இருந்திருக்கும். சார்ஜ் ஏறட்டும் என்று அதில் கேபிளைக் குத்தி, பட்டனையும் அமுக்கியிருப்பான். அங்கேதான் காரியம் நடந்தது.

பேரிங் என்பது வேறு, கனெக்ட் ஆவது வேறு. பேரிங் பண்ணும்போது கன்ட்ரோலரும் கம்ப்யூட்டரும் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்கின்றன. கூடவே கம்ப்யூட்டரின் ப்ளூடூத் முகவரியையும் கன்ட்ரோலர் எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த நாள் பட்டனை அமுக்கினால் அது ஊரெல்லாம் தேடாது, எழுதி வைத்த அந்த ஒரு முகவரியைத்தான் கூப்பிடும். டூயல்ஷாக் 4 (பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலர்) மாதிரியான கன்ட்ரோலர்களில் இப்படி ஒரு முகவரிக்குத்தான் இடம். புதிதாக ஒன்று வந்தால் பழையது அழிந்துவிடும். பிளேஸ்டேஷன் கன்சோலில் கேபிள் போட்டுப் பட்டனை அமுக்கினாலே அந்தக் கன்சோலின் முகவரி ஏறிவிடும். அதனால் வீட்டுக்கு வந்து பட்டனை அமுக்கும்போது கன்ட்ரோலர் குளச்சலில் இருக்கிற கன்சோலைக் கூப்பிடுகிறது. பதில் இல்லை, தூங்கிவிடுகிறது. உங்கள் கம்ப்யூட்டரோ பழைய சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ‘பேர்டு’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் அது பொய்யும் இல்லை.

கன்சோல் அதே வீட்டில் இருந்தால் இன்னும் வேடிக்கை. வடசேரியில் ஒரு வீட்டில் மாடியில் கன்சோல், கீழே பேரனின் லேப்டாப். இவன் கீழே பட்டனை அமுக்குகிற ஒவ்வொரு தடவையும் மேலே தூங்கிக்கொண்டிருந்த கன்சோல் விழித்து, சீரியல் ஓடிக்கொண்டிருந்த டிவியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. ஆச்சி, டிவியில் ஏதோ புகுந்துவிட்டது என்று மூன்று நாள் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, வழி என்ன? இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும், ஒரு பக்கம் அழித்தால் போதாது. கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் திறந்து, ப்ளூடூத் பகுதிக்குப் போய், அந்தக் கன்ட்ரோலரின் பெயருக்குப் பக்கத்தில் ‘ரிமூவ் டிவைஸ்’ கொடுங்கள். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் இரண்டையும் எடுங்கள். அப்புறம் கன்ட்ரோலரை ரீசெட் செய்யுங்கள். டூயல்ஷாக் 4-இல் பின்பக்கம், எல்2 பட்டனை ஒட்டி ஒரு சின்னத் துளை இருக்கும். பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸில் அது சோனி எழுத்துக்குப் பக்கத்தில். நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை உள்ளே விட்டு ஐந்து விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும், உள்ளே ஒரு குட்டிப் பட்டன் நெளிவது விரலில் தெரியும். குத்தாதீர்கள், அமுக்கினால் போதும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் துளை கிடையாது. நடுப் பட்டனை அணையும் வரை பிடித்திருந்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போடுங்கள். பிறகு புதிதாக பேரிங்.

பக்கத்தில் கன்சோல் இருந்தால் இதையெல்லாம் செய்கிற நேரத்துக்கு அதன் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

கேள்வி: பேரிங் மோடில் போடுவது எப்படி? நடுப் பட்டனை எவ்வளவு நேரம் அமுக்கினாலும் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கவில்லை.

நடுப் பட்டன் மட்டும் போதாது. அது பழைய ஆளைக் கூப்பிடுகிற பட்டன். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் மேல் விளிம்பில், கேபிள் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டன் இருக்கும், அதை மூன்று விநாடி பிடிக்க வேண்டும். டூயல்ஷாக் 4-க்கு பிஎஸ் பட்டனும் ஷேர் பட்டனும் சேர்த்து, டூயல்சென்ஸுக்கு பிஎஸ் பட்டனும் கிரியேட் பட்டனும் சேர்த்து. நின்டெண்டோ ஸ்விட்ச் ப்ரோவுக்கு மேலே, கேபிள் ஓட்டைக்குப் பக்கத்தில் உள்ள சிங்க் பட்டன். மற்ற கம்பெனிச் சாமான்களுக்கு அட்டைப் பெட்டிக்குள் இருக்கிற காகிதத்தைப் பாருங்கள். ஒரே கன்ட்ரோலரில் ஆண்ட்ராய்டுக்கு ஒரு கூட்டு, விண்டோஸுக்கு ஒரு கூட்டு என்று வைத்திருப்பார்கள்.

லைட் மெதுவாக மின்னினால் பழைய ஆளைத் தேடுகிறது. வேகமாகப் படபடவென்று மின்னினால்தான் பேரிங். பெரும்பாலானவற்றில் இந்தக் கணக்கு சரியாக வரும்.

அப்படியும் விண்டோஸ் 11-இல் தென்படவில்லை என்றால், ப்ளூடூத் அண்ட் டிவைசஸ் பகுதியில் ‘டிவைசஸ்’ என்பதைத் திறந்து கீழே வாருங்கள். ‘ப்ளூடூத் டிவைசஸ் டிஸ்கவரி’ என்று ஒன்று இருக்கும். அதை ‘டிஃபால்ட்’ என்பதிலிருந்து ‘அட்வான்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். டிஃபால்ட்டில் விண்டோஸ் எல்லாவற்றையும் காட்டாது, தனக்குத் தெரிந்த வகைகளை மட்டும் காட்டும். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்கள் பட்டியலில் ‘வயர்லெஸ் கன்ட்ரோலர்’ என்று மொட்டையான பெயரில் வரலாம். பெயரைப் பார்த்துவிட்டு ‘இது நம்முடையது இல்லை’ என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் செகண்ட் ஹேண்ட். லைட் வேகமாகத்தான் மின்னுகிறது, ஆனால் எந்த போனும் லேப்டாப்பும் கண்டுபிடிக்கவில்லை.

அதில் ப்ளூடூத்தே இல்லாமல் இருக்கலாம். 2013-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர்கள் மைக்ரோசாஃப்டின் சொந்த வயர்லெஸ் முறையில் மட்டும் பேசுபவை. 2016-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் உடன் வந்ததிலிருந்துதான் ப்ளூடூத் சேர்ந்தது. கண்ணால் பார்த்தே சொல்லலாம். நடுப் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், முன்முகத்தோடு ஒரே துண்டாக இருந்தால் ப்ளூடூத் உண்டு. மேலே உள்ள எல்பி, ஆர்பி பட்டன்களின் பளபளப்பான துண்டு அப்படியே கீழிறங்கி நடுப் பட்டனைச் சுற்றி வந்தால் ப்ளூடூத் இல்லை. வாங்குவதற்கு முன் விற்பவரிடம் ஒரு போட்டோ கேட்டால் போதும். இல்லாததை வாங்கிவிட்டீர்களா, அதற்கென்று மைக்ரோசாஃப்ட் விற்கும் தனி வயர்லெஸ் அடாப்டர் வேண்டும், அல்லது மைக்ரோ யூஎஸ்பி கேபிள். கேபிள் மலிவு.

2020 முதல் வந்த, நடுவில் ஷேர் பட்டன் உள்ள எக்ஸ்பாக்ஸ் மாடல் கன்சோலையும் ப்ளூடூத்தையும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். மேலே உள்ள பேரிங் பட்டனைச் சட்டென்று இரண்டு முறை தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். பிடித்து அமுக்கினால் புதிய பேரிங். தட்டுவதற்குப் பதில் பிடித்துவிட்டு, “அழிஞ்சு போச்சு அண்ணே” என்று வருகிறவர்கள் உண்டு.

கேள்வி: டெஸ்க்டாப்பில் ப்ளூடூத் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

செட்டிங்ஸில் ப்ளூடூத் சுவிட்ச் இருந்தால் இருக்கிறது. இல்லாவிட்டால் ஒரு யூஎஸ்பி டாங்கிள், அதாவது யூஎஸ்பி ஓட்டையில் குத்தும் குட்டி ப்ளூடூத் அடாப்டர், வாங்க வேண்டும்.

ஆனால் இருந்தும் இல்லாத நிலை ஒன்று உண்டு. குலசேகரத்திலிருந்து ஒரு புது அசெம்பிள்டு சிஸ்டம் வந்தது. கன்ட்ரோலரை கேபினட்டின் மேலேயே வைத்தால் சேரும், நாற்காலியில் போய் உட்கார்ந்தால் அறுந்துவிடும். கேபினட்டைத் திருப்பினேன். பின்னால் மதர்போர்டு பட்டையில் இரண்டு பித்தளை நிறத் திருகுகள் மொட்டையாக நின்றன. வைஃபையும் ப்ளூடூத்தும் சேர்ந்த சிப்புக்கு ஆன்டெனா போடுகிற இடம் அது. “ஆன்டெனா எங்கே?” என்றால் எந்த ஆன்டெனா என்கிறார்கள். லேன் கேபிளில் நெட் வருகிறது, வைஃபை எதற்கு என்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. மதர்போர்டு பெட்டி பரணில் இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஆன்டெனா உள்ளேயே கிடந்தது. திருகி மாட்டியதும் அறையின் அந்த மூலை வரை வேலை செய்தது. நான் கூலி வாங்கவில்லை, அவர்கள் விடவும் இல்லை, இரண்டு சீப்பு மட்டிப்பழம் வந்தது.

கேள்வி: சேர்கிறது, ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அறுகிறது. சில நேரம் பட்டனை அமுக்கிக் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான்.

ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். உங்கள் வைஃபை ரூட்டரும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். மைக்ரோவேவ் அவன் இருந்தால் அதுவும். ப்ளூடூத் சமாளிக்கும், சேனல் மாறி மாறித் தாவிக்கொண்டே இருக்கும். ஆனாலும் சந்தை நாளில் பேசுகிற மாதிரிதான், கத்த வேண்டியிருக்கும்.

நான் முதலில் பார்ப்பது டாங்கிள் எங்கே குத்தியிருக்கிறது என்பதை. நகம் அளவு டாங்கிள், கேபினட்டின் பின்னால், அதற்குப் பின்னால் சுவர், முன்னால் இரும்பு கேபினட், பக்கத்தில் இரும்பு பீரோ. இதற்கும் மேலே, பக்கத்து ஓட்டையில் நீல நிற யூஎஸ்பி 3-இல் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். யூஎஸ்பி 3 ஓடும்போது அதன் கேபிளும் பிளக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைக் கக்கும். இன்டெல் கம்பெனியே 2012-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஓடும்போது மட்டும் கன்ட்ரோலர் திணறினால் காரணம் இதுதான். ஒரு சாதாரண யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேசைக்கு மேலே, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். அறுந்து அறுந்து வருகிற கேஸ்களில் நான் செய்கிற முதல் வைத்தியம் இது, பெரும்பாலும் கடைசி வைத்தியமும் இதுவாகவே இருந்துவிடுகிறது.

உடம்பும் தடுக்கும். நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், தண்ணீர் இந்த அலையை விழுங்கும். கன்ட்ரோலரை மடியில் வைத்துக் குனிந்து ஆடினால் சிக்னல் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் லேப்டாப்பை அதற்கு மாற்றிவிடுங்கள், ப்ளூடூத்துக்கு இடம் கிடைக்கும்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகுதான் அறுகிறது என்றால் வேறு இடத்தில் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத் பகுதியைத் திறந்து, அடாப்டரின் பெயரில் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், பவர் மேனேஜ்மென்ட். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கனெக்டட் என்று காட்டுகிறது. கேமில் ஒன்றும் அசையவில்லை.

அப்படியானால் ப்ளூடூத்தில் குறை இல்லை. ப்ளூடூத்தை அழித்து அழித்துச் சேர்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கினால் ரன் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என்று அடித்து என்டர் கொடுங்கள். கன்ட்ரோலர் பெயர் வரும், ப்ராப்பர்டீஸ் திறந்து பட்டன்களை அமுக்கிப் பாருங்கள். அங்கே வட்டங்கள் சிவந்தால் கம்ப்யூட்டர் வரை சேதி வந்துவிட்டது, மிச்சம் கேமுக்கும் விண்டோஸுக்கும் இடையில் உள்ள விஷயம்.

பெரும்பாலான புதிய கேம்கள் எக்ஸ்இன்புட் என்ற முறையைத்தான் எதிர்பார்க்கின்றன. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் அந்தப் பாஷையைத் தாய்மொழியாகப் பேசும். பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் கன்ட்ரோலர்கள் பேசாது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தில் வாங்கிய கேம் என்றால் ஸ்டீமின் கன்ட்ரோலர் செட்டிங்ஸில் ஸ்டீம் இன்புட்டை ஆன் செய்தால் போதும். வேறு இடத்தில் வாங்கியதையும் ‘நான் ஸ்டீம் கேம்’ என்று ஸ்டீமில் சேர்த்துத் திறக்கலாம். இல்லையென்றால் டிஎஸ்4விண்டோஸ் என்ற இலவச மென்பொருள். இரண்டையும் சேர்த்து ஓட்டாதீர்கள். ஒரு தடவை அமுக்கினால் மெனு இரண்டு வரி தாவும். அந்தக் கோளாறோடு ஒரு கல்லூரிப் பையன் வந்து, பட்டன் மாற்றித் தரச் சொன்னான். பட்டனில் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, கேமைத் திறந்த பிறகு கன்ட்ரோலரைச் சேர்த்தால் சில கேம்கள் திரும்பிப் பார்க்காது. கேமை மூடித் திறங்கள்.

கேள்வி: கரண்ட் போய் வந்த பிறகு ப்ளூடூத் சுவிட்சே காணவில்லை.

ஐப்பசியில் இடி மின்னலோடு மழை பிடித்தால் அடுத்த நாள் காலை எனக்கு வருகிற போன்கள் இவைதான். பெரும்பாலும் சிப் எரிந்திருக்காது, உள்ளே குழம்பி நிற்கும். சும்மா ஷட் டவுன் செய்தால் தெளியாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருப்பதால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்து, ஐந்து நிமிடம் விட்டுவிட்டுப் போடுங்கள். லேப்டாப்புக்கும் இதே, சார்ஜரைக் கழற்றிவிட்டு.

அப்புறமும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து ப்ளூடூத் டிரைவரை எடுத்துப் போடுங்கள். எல்லா டிரைவரையும் தானே சரிசெய்வதாகச் சொல்லும் இலவச மென்பொருள் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: வீடு கடற்கரையில். கன்ட்ரோலர் அடிக்கடி தானாக அணைகிறது.

முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்திலிருந்து வருகிறவற்றை நான் முதலில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்ப்பேன். உப்புக்காற்று ஸ்பிரிங்கைத்தான் முதலில் பிடிக்கும். பேட்டரி மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் பச்சையாகப் பூத்திருக்கும். பேட்டரி ஒழுகியிருந்தால் வெள்ளைப் பொடி. ஆடும்போது கை அதிர்ந்தால் தொடர்பு ஒரு கணம் விடும், கன்ட்ரோலர் அணையும், நீங்கள் ப்ளூடூத்தைத் திட்டுவீர்கள். ஆல்கலைன் பேட்டரி ஒழுகிய வெள்ளைப் பொடிக்கு, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிடுங்கள். பச்சைப் பூப்புக்கு முதலில் ரப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம். கம்ப்யூட்டர் பின்பக்க யூஎஸ்பி ஓட்டைகளும் இதே கதைதான். டாங்கிளை ஐந்தாறு தடவை சொருகி எடுத்தால் தொடர்பு தெளிவதைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

டிவி ரிமோட்டுக்குப் போடுகிற சாதாரண பேட்டரியைக் கன்ட்ரோலருக்குப் போடாதீர்கள். அதிர்வு மோட்டார் இழுக்கும்போது அது தாங்காது. ரீசார்ஜபிள் செல் 1.2 வோல்ட் என்பதால் சார்ஜ் அளவு கொஞ்சம் குறைவாகக் காட்டலாம், அது பரவாயில்லை.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்செட்டும் கன்ட்ரோலரும் சேர்ந்து ஓடுமா?

ஓடும். மைக் ஆன் செய்தால் திணறலாம், ஒரே டாங்கிள் இரண்டுக்கும் பங்கு போட வேண்டும். ஹெட்செட்டை வயரில் போடுங்கள். கன்ட்ரோலரில் உள்ள ஹெட்போன் ஓட்டையை நம்பாதீர்கள், கம்ப்யூட்டரோடு ப்ளூடூத்தில் சேர்த்தால் அதில் சத்தம் வராது.

கேள்வி: லினக்ஸிலும் மேக்கிலும்?

மேக்கில் டூயல்ஷாக் 4-ம் ப்ளூடூத் உள்ள எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரும் 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து நேரடியாகச் சேரும். டூயல்சென்ஸுக்கு அதற்கு அடுத்த பதிப்பான பிக் சர் 11.3 வேண்டும். லினக்ஸில் டூயல்சென்ஸுக்கு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.12 பதிப்பு முதல் சோனியே கொடுத்த டிரைவர் உண்டு. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் சேர்ந்து சேர்ந்து அறுந்தால் எக்ஸ்பேட்நியோ என்ற டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: சார், வயர் போட்டே விளையாடக் கூடாதா? (ஒரு அம்மா கேட்டது)

தாராளமாகக் கூடும் அக்கா. தாமதமும் இல்லை, அறுவதும் இல்லை, டூயல்சென்ஸின் ட்ரிகர் இறுகுகிற வேலையெல்லாம் பல கம்ப்யூட்டர் கேம்களில் வயரில் மட்டும்தான் வரும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் உள் மென்பொருளைப் புதுப்பிக்கவும் வயர் போட்டு, எக்ஸ்பாக்ஸ் ஆக்சஸரீஸ் என்ற ஆப்பைத் திறப்பதே நல்லது. ஒன்று மட்டும் கவனியுங்கள். வீட்டில் கிடக்கிற கேபிள்களில் சில சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா போகாது. அந்தக் கேபிளால் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி போட்டோ காப்பி பண்ண முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இதற்கும் ஆகும்.

கேள்வி: எல்லாம் செய்தாயிற்று. கடைக்குக் கொண்டு வரும்போது என்னென்ன எடுத்து வரணும்?

முதலில் கன்ட்ரோலரை உங்கள் போனில் சேர்த்துப் பாருங்கள். போனில் சேர்ந்தால் கன்ட்ரோலர் நன்றாக இருக்கிறது, அதை வீட்டில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டு வரலாம் என்று நினைப்பீர்கள். வேண்டாம், இரண்டும் வேண்டும். கூடவே டாங்கிள், கேபிள், லேப்டாப் சார்ஜர். பேச்சிப்பாறையிலிருந்து பஸ் ஏறி ஒரு பையன் கன்ட்ரோலரை மட்டும் கொண்டு வந்தான். என் சிஸ்டத்தில் முதல் தடவையிலேயே சேர்ந்தது, அரை மணி நேரம் ஆடினான். “நல்லாத்தானே இருக்கு மக்கா” என்றேன். “ஆமாண்ணே” என்று வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் வீட்டிலிருந்து போன்: சேரவில்லையாம். சேராது, அது இப்போது என் சிஸ்டத்தை அல்லவா தேடும்.